பீங்கான் கடிகாரம்

'பீங்கான்' என்பது தமிழ்ச் சொல் அல்ல. பாரசீகத்தில் பிறந்து நம்மிடம் வந்து குடியேறிய சொல். அங்கே அதற்குக் கிண்ணம் என்று பொருள். ஆனால் வெறும் கிண்ணம் என்று சொல்லி விட்டுவிட முடியாது. பாரசீகத்துக் கிராமங்களில் மலையடிவாரத்திலிருந்து சுரங்கக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டு வருவார்கள். அந்தத் தண்ணீரைக் குடியானவர்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். முறை எப்போது முடிகிறது என்று எப்படித் தெரியும்? அடியில் சிறு துளையிட்ட ஒரு செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஒரு கணக்கு. இத்தனை கிண்ணம் மூழ்கும் வரை இன்னாருடைய வயலுக்குத் தண்ணீர் என்று ஏற்பாடு. அந்தக் கிண்ணத்துக்கும் அதே பெயர்தான்.

நமக்கும் இது புதிதல்ல. நாழிகை வட்டில் என்று நம் முன்னோர் வைத்திருந்தது இதன் உறவுதான். முல்லைப்பாட்டிலே, மன்னனின் பாசறையில், நீர்க் கன்னலைப் பார்த்துப் பொழுது அளந்து சொல்லும் ஆட்கள் வருகிறார்கள். 'கடிகாரம்' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. கடிகை என்றால் நாழிகை. அதன் வேரைத் தோண்டிக்கொண்டு போனால் குடத்தில் போய் முட்டும். ஆகவே 'பீங்கான் கடிகாரம்' என்று ஒருவர் சொன்னால், கிண்ணம், குடம் என்று இரண்டு பாத்திரங்களின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் காலத்துப் பீங்கான் கடிகாரம் வேறு ஜாதி. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பண்டம் அது. கறுப்பாகவோ வெள்ளையாகவோ பளபளவென்று இருக்கும். விலை கேட்டால் சாதாரண மனிதனுக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். இதை வீட்டில் எப்படித் துடைப்பது, எப்படிக் கழுவுவது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேள்வி சின்னதுதான். ஆனால் இன்ன பொருளால் ஆனது, எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் பதில் சொன்னால் பாட்டி வைத்தியம் மாதிரி ஆகிவிடும். பலித்தாலும் ஏன் பலித்தது என்று தெரியாது. ஆகையால் கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்குகிறேன்.

கடிகாரம் சட்டைப் பையில் இருந்த வரை அதற்கு ஒரு கவலையும் இல்லை. மேலே மூடி, சுற்றிலும் துணி. வெயிலும் வியர்வையும் எட்டிப் பார்க்காது. மணிக்கட்டுக்கு வந்ததும் சனியன் பிடித்துக்கொண்டது. முதலில் அது பெண்களின் ஆபரணமாகத்தான் இருந்தது. ஆண்கள் அதைக் கட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டார்கள். 1904-ல், ஆகாய விமானம் ஓட்டும் பித்துப் பிடித்த ஸாந்தோஸ் துமான் என்ற பிரேஸில்காரருக்காகப் பாரிஸில் கார்ட்டியே ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுத்தார். விமானத்தின் சுக்கானைப் பிடித்திருக்கும் கையை விட்டுவிட்டுப் பைக்குள் துழாவ முடியாதல்லவா? பிறகு 1914-ல் முதல் மகாயுத்தம் வந்தது. பதுங்கு குழிகளில் கிடந்த சிப்பாய்கள் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டார்கள். யுத்தம் முடிந்து திரும்பியபோது ஆண்களின் கூச்சம் போய்விட்டது. ஆனால் கடிகாரத்துக்குள் சேறு புகுந்துவிட்டது.

அன்று முதல் கடிகாரத்தின் சரித்திரம் மூன்று எதிரிகளோடு நடந்த யுத்தத்தின் சரித்திரம்தான். தண்ணீர், வியர்வை, கீறல் என்பவை அந்த மூன்று எதிரிகள்.

தண்ணீரை முதலில் மடக்கினார்கள். 1926-ல் ரோலெக்ஸ் நிறுவனம் கூட்டின் பின்மூடியையும் சாவித் திருகையும் மரை வைத்து இறுக்கி 'ஆய்ஸ்டர்' என்ற கடிகாரத்தை வெளியிட்டது. ஆய்ஸ்டர் என்றால் சிப்பி. 1927 அக்டோபரில் மெர்ஸிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது அந்தக் கடிகாரம் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். குளிர் தாங்காமல் அந்த நீச்சலை அவர் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. கடிகாரம் மட்டும் நிற்கவில்லை. அடுத்த மாதமே லண்டன் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அது விளம்பரமாயிற்று.

வியர்வை அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. வியர்வையில் உப்பு இருக்கிறது; புளிப்பும் இருக்கிறது. பித்தளைக் கூட்டுக்கு மேலே நிக்கலோ குரோமியமோ தங்கமோ பூசியிருந்தால், சில வருஷங்களில் பூச்சு உரிந்து கீழே பித்தளை பல்லைக் காட்டும். சித்திரை, வைகாசியில் சென்னையில் பஸ் ஏறி இறங்கியவர்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1913-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தது கடிகாரத்துக்காக அல்ல, துப்பாக்கிக் குழாய்க்காக. அது பிற்பாடு கடிகாரத்துக்கும் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் 1961-ல் ஜப்பானிய ஸிட்டிஸன் கம்பெனியின் கூட்டுறவோடு எச்.எம்.டி. பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. எத்தனையோ வீடுகளில் அதுதான் மாப்பிள்ளைக் கடிகாரம். அதுதான் பரீட்சையில் தேறிய பையனுக்குப் பரிசு. 1984-ல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக டைட்டனைத் தொடங்கி ஓசூரில் தொழிற்சாலை வைத்தன. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை 2016-ல் அரசாங்கம் மூடத் தீர்மானித்துவிட்டது. ஆனாலும் அதன் எஃகுக் கூடுகள் இன்னும் பலருடைய அலமாரிகளில், மேலெல்லாம் கீறலோடு, சாவி கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கீறல்தான் மூன்றாவது எதிரி. எஃகு துருவை வெல்லும், கீறலை வெல்லாது. மேஜை விளிம்பு, சாவிக் கொத்து, சுவர் என்று எதன் மீது உரசினாலும் கோடு விழும். கீறலே விழாத கடிகாரம் செய்ய முடியாதா என்று ஸ்விட்ஜர்லாந்தில் லெங்னௌ என்ற ஊரிலிருந்த ராடோ நிறுவனத்தார் யோசித்தார்கள். 1920-களில் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடைத் தூளாக்கி, கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் சுட்டு, இரும்பு கடையும் உளிகள் செய்யக் கற்றிருந்தார்கள். க்ரூப் கம்பெனி அதற்கு 'விடியா' என்று பெயர் வைத்தது. 'வைரம் போல' என்பதற்கான ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. அந்தக் கடின உலோகத்தில் கூடு செய்து 1962-ல் ராடோ 'டயாஸ்டார்' கடிகாரத்தை வெளியிட்டது. அதன் கண்ணாடி செயற்கை நீலக்கல். 1902-ல் பிரெஞ்சுக்காரரான வெர்னூயி தீக்கொழுந்தில் அலுமினா தூளை உருக்கிக் கெம்புக்கல் செய்யும் முறையை வெளியிட்டார். அந்த வழியில் வந்த கல்.

டயாஸ்டார் கீறலை வென்றது. ஆனால் கனமாக இருந்தது. அடுத்த படியில்தான் பீங்கான் வருகிறது. இங்கே கதை திடீரென்று நம் கடற்கரைப் பக்கம் திரும்புகிறது.

இலங்கையில் ஆற்று மணலைச் சலித்து எடுக்கும் கற்களில் ஸிர்கான் என்று ஒன்று உண்டு. நிறமில்லாமல் இருந்தால் 'மாத்தறை வைரம்' என்று விற்பார்கள். பழுப்பும் மஞ்சளுமாக இருந்தால் நம்மூர்க் கோமேதகத்தோடு அதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. பொன்னிறம் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது என்பார்கள். மறுபடியும் பாரசீகம்! 1789-ல் பெர்லின் நகரத்து ரசாயனப் பண்டிதர் கிளாப்ரோத், இலங்கையிலிருந்து போன அத்தகைய கல் ஒன்றைக் கரைத்துப் பார்த்து, அதற்குள் அதுவரை யாரும் அறியாத ஒரு தாது இருப்பதைக் கண்டார். அதுதான் ஸிர்கோனியம். 1824-ல் ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ் உலோகத்தைத் தனியே பிரித்தெடுத்தார்.

கல்லாகக் கிடைப்பது கொஞ்சம். மணலாகக் கிடைப்பதுதான் அதிகம். கன்யாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் மின்னுவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அது திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனஸைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று முதல் அந்த மணலுக்கு மவுசு வந்தது. இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனஸைட் இவற்றோடு ஸிர்கானும் அதில் கலந்து கிடக்கிறது. மோனஸைட்டில் தோரியம் இருப்பதால் அந்தக் கரையின் மண்ணுக்கே இயற்கையான கதிர்வீச்சும் அதிகம். சீமைச் சீமான்களின் மணிக்கட்டில் மின்னும் பொருளின் இனத்தான், நம் மீனவர்கள் வலை காயப்போடும் மணலில் கால் பட்டுக் கிடக்கிறான் என்பதை மறக்கலாகாது.

ஸிர்கோனியத்தை ஆக்ஸிஜனோடு சேர்த்தால் வருவது ஸிர்கோனியா. வெள்ளை வெளேரென்ற தூள். 2,700 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும். ஆகவே உலைச் சாமான்களுக்கு அதை உபயோகித்தார்கள். ஆனால் அதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அதன் அணுக்கள் உஷ்ணத்துக்குத் தகுந்தபடி வரிசையை மாற்றிக்கொள்ளும். சுமார் 1,170 டிகிரிக்கு மேலே நெருக்கமாக நிற்கும். ஆறும்போது அகட்டி நிற்கும். சூட்டிலே சுட்டு எடுத்த கட்டி, ஆறுகிறபோது தானே பருத்துத் தானே வெடித்துவிடும். குயவன் சூளையைத் திறந்தால் உள்ளே ஓட்டாஞ்சில்லி மட்டும் இருந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

1975-ல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூன்று விஞ்ஞானிகள் இந்தச் சங்கடத்தையே வரமாக மாற்றினார்கள். 'நேச்சர்' பத்திரிகையில் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'பீங்கான் எஃகா?' என்று கேள்விக்குறியோடு இருந்தது. வேறொரு ஆக்ஸைடை அளவாகக் கலந்தால், ஆறின பிறகும் அணுக்கள் பழைய நெருக்கத்திலேயே, வேண்டாவெறுப்பாக, நின்றுகொண்டிருக்கும். எங்கேயாவது ஒரு வெடிப்பு ஓட ஆரம்பித்தால், அதன் முனையில் இருக்கும் அணுக்கூட்டம் தளைவிட்டுப் பருக்கும். பருத்தால் என்ன ஆகும்? வெடிப்பை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்து அது மேலே ஓடாமல் தடுத்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் திருடன் ஓடப் பார்க்கிறான். வழியிலிருந்தவர்கள் எல்லாரும் தோளை அகட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அவன் எங்கே ஓடுவது? அப்படித்தான்.

சிறிது காலத்துக்குள் இட்ரியா என்ற ஆக்ஸைடை நூற்றுக்கு ஐந்து பங்கு எடை அளவில் கலந்த வகை வந்தது. கைக்கடிகாரத்துக்கு வந்து சேர்ந்தது அதுவே. மாவு போன்ற நுண்ணிய தூளைப் பசை சேர்த்து அச்சில் அழுத்துவார்கள். பசையைச் சூட்டில் போக்குவார்கள். பிறகு ஏறக்குறைய 1,450 டிகிரியில் சுடுவார்கள். அப்போது உருப்படி ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுருங்கும். சுருங்குவதைக் கணக்குப் பண்ணித்தான் அச்சையே பெரிதாகச் செய்திருப்பார்கள். சுட்ட பிறகு அதைத் தொட வைரத்தால்தான் முடியும். கறுப்பு வேண்டுமானால் வேறு உலோகங்களின் ஆக்ஸைடை மாவிலேயே கலந்துவிடுவார்கள். ஆகையால் அதன் நிறம் மேலே பூசியதல்ல, உடம்போடு பிறந்தது. உரியாது, வெளுக்காது.

1986-ல் ராடோவின் 'இன்டக்ரல்' கடிகாரம் பீங்கானோடு வந்தது. அதே வருஷத்தில் ஐ.டபிள்யூ.ஸி. நிறுவனம் தன் 'டாவின்சி' கடிகாரத்துக்கு ஸிர்கோனியாக் கூடு போட்டது. 2000-ல் பாரிஸ் நகரத்து ஷனேல் கறுப்புப் பீங்கானில் 'ஜே 12' கடிகாரத்தை வெளியிட்டதும், அது நாகரிகச் சின்னமாகிவிட்டது. 2003-ல் வெள்ளை வந்தது. 2005-ல் ரோலெக்ஸும் தன் கடிகார வளையத்தில் பீங்கானைச் சேர்த்துக்கொண்டது. இத்தனையும் ஒரு மனித ஆயுளுக்குள் நடந்த கதை.

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

கல்லூரிப் பேராசிரியரான என் நண்பர் ஒருவருக்கு வெளிநாட்டிலிருக்கும் மகள் வெள்ளைப் பீங்கான் கடிகாரம் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். இரண்டு மாதத்தில் அதன் பட்டையில் கருகருவென்று ஒரு கோடு. மனிதர் இடிந்துபோய்விட்டார். அவரை, எனக்குப் பழக்கமான ஒரு கடிகாரக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஒரு பெட்டிக் கடை அகலம்தான் இருக்கும். கண்ணில் பூதக்கண்ணாடியோடு பாய் உட்கார்ந்திருப்பார். அவருடைய தகப்பனாரும் அதே பலகையில் உட்கார்ந்து கடிகாரம் பிரித்தவர்.

"என்ன பாய், கீறலே விழாதுன்னு சொல்லித்தான் வித்தாங்களாம். இதைப் பாருங்க" என்றார் நண்பர்.

பாய் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "சார், இது விழுந்த கோடு இல்லை, ஒட்டின கோடு. வீட்டிலே இரும்பு பீரோ இருக்கா?"

"இருக்கு."

"அதைப் போய்ப் பாருங்க. காயம் அதுக்குத்தான் பட்டிருக்கும்."

மேஜை அறையிலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பர் துண்டு ஒன்றை எடுத்துத் தேய்த்தார். நாலு தேய்ப்பில் கோடு மறைந்துவிட்டது. நண்பர் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. காசு கொடுத்தார், பாய் வாங்கவில்லை.

இதன் தத்துவம் நம் பத்தர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். உரைகல்லில் தங்கத்தை உரைத்தால் கல்லில் கோடு விழுகிறது. கல்லுக்கா காயம்? கல் கடினம், தங்கம் மெத்து. தேய்ந்து ஒட்டுவது தங்கம். சாதாரண எவர்சில்வரைப் போல ஐந்தாறு மடங்கு கடினமானது ஸிர்கோனியா. ஆகவே எஃகின் மேல் அது உரசும்போது எஃகுதான் தேய்ந்து அதன் மேல் ஒட்டுகிறது. பீங்கான் கடிகாரத்தில் கோடு கண்டால் பதற வேண்டாம். முதலில் ரப்பர். சுத்தமான வெள்ளை ரப்பராக இருக்கட்டும். மணல் கலந்த, மை அழிக்கும் ரப்பர் வேண்டாம்.

கழுவுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். கடிகாரத்தின் பின்பக்கத்தில் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தமல்ல. மழைத் துளியும் கை கழுவும் நீரும் தெறித்தால் தாங்கும் என்று எடுத்துக்கொள்வதே விவேகம். அதற்கு ஈரத்துணி போதும். ஒன்றும் போடாததற்கும் தோல் பட்டை வைத்ததற்கும் அவ்வளவே. 50 மீட்டருக்கு மேல் போட்டிருந்தால், அது புதிதாகவோ சமீபத்தில் சோதித்ததாகவோ இருந்தால், கழுவலாம். சாவித் திருகு உள்ளே அழுந்தியிருக்கிறதா, மரை உள்ளதானால் இறுக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீரில் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டு கழுவாதீர்கள். கீழே உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் பேஸினில் துவாலையை மடித்துப் போட்டு, அதன் மேல் வைத்துக் கழுவுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வெதுவெதுப்பான நீர், மிருதுவான சோப்பு இரண்டு சொட்டு, பழைய மெத்தென்ற பல் தேய்க்கும் பிரஷ் இவை போதும். பீங்கான் வியர்வையை உறிஞ்சாது. அழுக்கு அதன் மேல் தங்காது. அது தங்குகிற இடம் வேறு. பட்டையின் கணுக்களுக்கு நடுவே விபூதி, சந்தனம், தலை எண்ணெய், தோல் செதில் எல்லாம் வியர்வையில் குழைந்து களிம்பாகிக் கிடக்கும். அந்தக் கணுக்களைக் கோத்திருப்பது உலோகப் பின். பூட்டும் பெரும்பாலும் உலோகமே. உப்பு அரிப்பது அவற்றைத்தான். ஆகையால் பிரஷ் போக வேண்டிய இடம் மேல்பக்கமல்ல, சந்துகள். சோப்புத் துளிகூட இல்லாமல் நல்ல நீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, சந்து உலரும் வரை காற்றாட வையுங்கள். கடலில் குளித்துவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல நீரில் அலச வேண்டும்.

நம் வீடுகளில் எதையும் பளபளப்பாக்கச் சாம்பல், புளி, பல்பொடி என்று கைக்குக் கிடைத்ததை எடுக்கும் வழக்கம் உண்டு. இங்கே அது வேண்டாம். பீங்கானை அவை ஒன்றும் செய்துவிடாது என்பது மெய்தான். ஆனால் பக்கத்திலிருக்கும் பூட்டையும், கண்ணாடியின் மேலே கூச்சம் தெரியாமலிருக்கப் பூசிய மெல்லிய பூச்சையும் கெடுத்துவிடும். வெளுப்புக் காரமும் பாத்ரூம் கழுவும் திரவமும் ரப்பர் வாஷரைத் தின்றுவிடும். அந்த வாஷர் தலைமயிர் போலக் கண்ணுக்குத் தெரியாத சமாசாரம். தண்ணீரைத் தடுப்பது அதுதான். பீங்கான் நூறு வருஷம் இருக்கலாம். வாஷர் சில வருஷங்களில் இறுகிவிடும். பாட்டரி மாற்றும்போதெல்லாம் வாஷரைப் பார்க்கச் சொல்லுங்கள். செத்த பாட்டரியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். கசிந்தால் இயந்திரம் போயிற்று.

வெந்நீர் கூடுமா? கொதிநீர் வேண்டாம். இதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு. 1980-களிலிருந்து தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக ஸிர்கோனியாப் பந்து வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது. நீராவியில் மீண்டும் மீண்டும் சுத்தி செய்தால் அதன் மேற்பரப்பில் அணுக்கள் முன்கூட்டியே தளைவிட்டு, வழுவழுப்புப் போய்விடுவதை 1990-களில் கண்டு எச்சரித்தார்கள். 2001-ல் பிரான்ஸில் ஒரு நிறுவனம், 1998-ல் உலையை மாற்றிய பிறகு தான் செய்த பந்துகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டி வந்தது. சிலருடைய உடம்புக்குள்ளேயே அவை நொறுங்கியிருந்தன. நடக்க முடியாமல் போய், நடக்க வேண்டும் என்று கத்திக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் மறுபடியும் கத்திக்குப் போனார்கள். எது வெடிப்பைத் தடுக்கிறதோ அதுவே, சூளையில் ஒரு பக்குவம் தப்பினால், வெடிப்பாக மாறும். கடிகாரத்துக்கு வெதுவெதுப்பான நீரால் ஒரு கெடுதியும் வராது. ஆனால் அழியாத பொருள் என்று எதையும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

உட்கார்ந்து கழுவச் சொன்னேனே, அதன் காரணம் இதோ. பேராசிரியர் எழுந்து புறப்படும்போது பாய் மேஜையறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கறுப்புப் பீங்கான் கடிகாரம். கூடு ஒரு மூலையில் சுக்கலாகியிருந்தது. குளிக்கப் போன பெண் வாஷ்பேசின் விளிம்பில் வைத்தாள், தரையில் விழுந்தது. கல்யாணத்துக்கு வந்த பரிசாம்.

"எவர்சில்வர்னா நசுங்கும் சார், தட்டி எடுத்துடுவேன். பித்தளைன்னா பத்தவைப்பேன். கீறலுக்கு பாலிஷ் போடுவேன். இதுக்கு என்கிட்டே மருந்து இல்லை. கம்பெனிக்கு அனுப்பினா புதுக் கூடு போடணும்னாங்க. கடிகாரத்து விலையிலே பாதிக்கு மேலே கேட்டாங்க. அந்தப் பொண்ணு இங்கேயே விட்டுட்டுப் போயிடுச்சு."

உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விநாடி முள் நகர்ந்ததை நானே பார்த்தேன்.

குளியலறைத் தரை ஓட்டின் வெள்ளை மெருகுக்கும் ஸிர்கான் மணலைத்தான் அரைத்துச் சேர்க்கிறார்கள். ஒரே மணலின் இரண்டு பிள்ளைகள் மோதிக்கொண்டதில், விலை உயர்ந்தது தோற்றது.

பாய் சொன்ன வார்த்தை எனக்குக் கடிகாரத்தைத் தாண்டியும் யோசனையைக் கொண்டுபோயிற்று. எஃகுக் கடிகாரம் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு கைத்தொழிலாளி இருந்தார். தட்டவும் பற்றவைக்கவும் மெருகிடவும் தெரிந்தவர் அவர். அவர் இருந்ததால் தாத்தாவின் கடிகாரம் பேரன் வரை வந்தது. பீங்கான் தேயாது. தேயாததால் அவருக்கு வேலையில்லை. உடையும் அன்றைக்கோ அவரால் முடியாது. தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும். அந்தத் தொழிற்சாலை அந்த மாதிரியை நிறுத்திவிட்டால்? எச்.எம்.டி. மூடிய பிறகும் அதன் கடிகாரங்கள் ஓடுவதற்குக் காரணம், திறந்து பார்க்கத் தெரிந்த பாய்மார்கள் ஊருக்கு ஊர் இருப்பதே. அந்தச் சௌகரியம் பீங்கானுக்கு இல்லை.

ஆகையால் பீங்கான் கடிகாரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எஃகைவிடக் கால் பங்கு எடை குறைவு. தொட்டால் எஃகைப் போலச் சில்லென்று இராது. சீக்கிரம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் மணிக்கட்டில் தடிப்பு வருகிறவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் வாங்குமுன் கடைக்காரரிடம் கீறல் விழுமா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கூடு உடைந்தால் பத்து வருஷம் கழித்தும் மாற்றுக் கூடு கிடைக்குமா, பட்டைக் கணு ஒன்று தனியாகக் கிடைக்குமா, என்ன விலை ஆகும் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு இரவில் கழற்றும்போது மேஜை விளிம்பில் வைக்காமல் துணி விரித்த அறைக்குள் வையுங்கள். மாதம் ஒரு முறை சந்துகளைக் கழுவுங்கள். வருஷம் ஒரு முறை வாஷரைக் காட்டுங்கள்.

பாய் அந்த உடைந்த கடிகாரத்தை இன்னும் தூக்கி எறியவில்லை. பாட்டரி தீர்ந்தால் மாற்றிப் போடுகிறார். "ஓடுற சாமானை எப்படி சார் எறியறது?" என்கிறார்.